ஏழாவது மாடி எப்போ வரும்?

மயிலாப்பூரில் ஒற்றை அறையில் தொடங்கி ஆறு மாடிக்கு வளர்ந்துவிட்ட தர்ம ஆஸ்பத்திரி அது. அம்மாவின் ஸ்கேனுக்குப் போனபோது அந்த லிஃப்ட்காரரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, சாயம் போட்ட மீசை. மாடிகளை அவர் எண்ணால் சொல்வதே இல்லை. பணக்காரர்கள் யார் நினைவாகக் கட்டித் தந்தார்களோ, அவர்களைத்தான் சொல்வார்.

"ஸ்கேனா? நகைக்கடைக்காரர் சம்சாரம். ஹார்ட்டுன்னா மில்லுக்காரர் அப்பா."

கட்டாத ஏழாவது மாடிக்கும் பொத்தான் இருந்தது. "இது எப்போ வரும்?" என்றேன்.

"அதுக்கு இன்னும் யாரும் சாவல சார்."

சொல்லிவிட்டு அம்மாவை அக்கறையாகப் பார்த்தார். "உங்க வூட்ல இன்னா பிசினஸ்மா?"

"நான் ரிடயர்டு டீச்சர்ப்பா, வெறும் பென்ஷன்தான்" என்றாள் அம்மா அவசரமாக.

"அப்ப ஒண்ணும் ஆவாது. போய்ட்டு வாங்க."

பிறகு டாக்டரும் அதையேதான் சொன்னார். அம்மா நம்பியது என்னவோ லிஃப்ட்காரரைத்தான்.