மூன்றாம் காற்றாலையும் கோயில் முகடும்

செய்தி வந்தபோது காலை எட்டே முக்கால். மன்னார் நகரத்து மாநாட்டு மண்டபத்தில், கடல் தரவுக் காப்பகத்தின் காட்சி மேசைக்கு நீலத் துணி விரித்து ஓரத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள் றோஸ்மேரி. காப்பகத்துக்குத் தரவு கொடுப்பது எப்படி, அதில் தேடுவது எப்படி என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. அன்றைய முதல் பயிற்சிக்குக் கதிரைகள் போட்டாகிவிட்டது. கைபேசியில் தம்பி பெண்சாதி ஜெயனியின் பெயர் வந்தது. எடுத்தால், பேசியது பக்கத்து வீட்டு அன்ரனி.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்?"

"மண்டபத்தில, மாமா. ஜெயனி எங்க?"

"இஞ்சதான் இருக்கிறா. நீ ஆசுபத்திரிக்கு வா. பஸ்ரியனைக் கொண்டு வந்து கிடக்குது."

"உயிரோடயோ?"

"தனிய வராத. ஆரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

றோஸ்மேரி கையிலிருந்த ஊசியைக் குத்தி முடித்தாள். மேசைக்கு மறுபக்கம் கையேடுகளை அடுக்கிக்கொண்டிருந்த முஸ்பிரா நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி செத்துப்போனான் முஸ்பிரா" என்று றோஸ்மேரி துணியைப் பார்த்தபடி சொன்னாள். "பயிற்சியை நீ செய். ஆக்கள் வந்திடுவினம்."

"பயிற்சி கிடக்கட்டும் அக்கா. வாங்கோ, நான் ஓட்டோ பிடிக்கிறன்."

மன்னார்த் தீவின் தென்கரையில் பிறந்தவள் றோஸ்மேரி. சண்டைக் காலத்தில் கைக்குழந்தைத் தம்பியோடு தாயும் தகப்பனும் அவளை வள்ளத்தில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் எழுத்துப் படித்தாள். திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தாள். அதன்பிறகு வேலை இல்லாத பட்டதாரியாகச் சில வருடம், தொண்டர் ஆசிரியையாகச் சில வருடம். பஸ்ரியன் ஓ.எல். சோதனையோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. "கணக்கு எனக்கு ஒத்துவரேல்ல, கடலுக்கு என்னை ஒத்துவந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு தகப்பனோடு முங்கப் போனான். தகப்பன் சங்கு எடுத்தவர். மகன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை எடுத்தான்.

காப்பகம் மன்னாருக்கு வந்தபோது றோஸ்மேரிக்கு அதில் இடம் கிடைத்தது. மீன், பவளம், கடற்புல், கடலட்டை என்று ஆய்வாளர்கள் சேர்க்கும் விபரங்களை ஒழுங்குபடுத்தி, எவரும் எப்போதும் தேடி எடுக்கக்கூடியதாக வைப்பதுதான் காப்பகத்தின் தொழில். மற்றவர்கள் கணினியோடு மல்லுக்கட்ட, றோஸ்மேரி ஆட்களோடு பேசுவதில் கெட்டிக்காரி. அதனால் மாநாடு நடக்கும் இடமெல்லாம் காட்சி மேசையும் பயிற்சியும் அவள் தலையில் விழுந்தன. அவளும் விரும்பித்தான் செய்தாள். சட்டத்தரணி போலப் பேசுகிறாள் என்று பஸ்ரியன் கேலி செய்வான்.

கடலட்டை குறைந்துகொண்டு வருகிறதா என்று பார்க்க ஒரு கணக்கெடுப்பு வந்தது. அட்டைக்காரர் எவரும் வாய் திறக்கவில்லை. நல்ல இடம் என்பது அந்தக் கரையில் வீட்டோடு இருக்கிற விஷயம். ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து வைக்கமாட்டார்கள், கருவி கைமாறும். கரையிலே தெரிகிற இரண்டு பொருள் ஒரே நேர்க்கோட்டில் வர, பக்கத்தில் வேறு இரண்டு பொருள் விலகித் தெரிய, அங்கே நங்கூரம் போடுவார்கள். அந்த அடையாளங்களைத் தகப்பன் மகனுக்குச் சொல்வான். கூலிக்கு வருகிற புது ஆளை வள்ளத்தில் கரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்பார்கள்.

பஸ்ரியன் அக்காவுக்காக ஒத்துக்கொண்டான். "இடம் வெளியில போகாதுதானே?" என்று ஒரு தடவை கேட்டான்.

"போகாது. படத்தில பெரிய சதுரம் மட்டும்தான் தெரியும். அதுக்குள்ள முழுத் தென்கடலும் அடங்கும்."

அவன் ஆய்வாளர்களைத் தன் இடத்துக்குக் கூட்டிப் போனான். இடத்தைக் காட்டும் அகலாங்கும் நெட்டாங்கும் காப்பகத்தில் மறைக்கப்பட்டன. அந்த வாக்கில் பிழை நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. றோஸ்மேரி அதில் தம்பி சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்: மூண்டாம் காத்தாடியும் கோயில் முகடும் ஒண்டாக வரவேணும், தண்ணித் தாங்கி பனங்கூடலை விட்டு ஒரு கை வெளியால தெரியவேணும். தம்பியின் பேச்சு ஒரு இடத்திலாவது அப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கேட்டு வளர்ந்த பேச்சு அது. முகவரி என்று ஒருநாளும் அவள் அதை நினைத்ததில்லை. மேலதிகாரி கபிலன் கடலில்லாத வவுனியாக்காரர். அவருக்கு அது வர்ணனையாகத் தெரிந்தது. வாசித்து, சரி போட்டு வெளியிட்டார்.

போன வருட மாநாடும் இதே மண்டபத்தில்தான். மாணவர்கள், உத்தியோகத்தர்கள், சில மீனவர் சங்கத்து ஆட்கள். இடங்களை எவ்வளவு பத்திரமாக மறைக்கிறோம் என்று காட்ட, றோஸ்மேரி தம்பியின் பதிவையே திரையில் போட்டாள். முன்வரிசையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். வேறு ஊர்ச் சங்கத்துத் தலைவர்.

"எங்கட இடத்தைத் தந்தாலும் இப்பிடித்தான் மறைப்பீங்களோ?"

"ஓம் ஐயா. பாருங்கோ, சதுரம் மட்டும்தான்."

"நல்ல வேலை. அந்தக் கடைசிக் கட்டத்தில என்னவோ பொடி எழுத்தாக் கிடக்குது. எனக்குக் கண்ணும் மட்டு. கொஞ்சம் பெரிசாக்கி விடுங்கோ தங்கச்சி."

றோஸ்மேரி பெரிதாக்கிக் காட்டினாள். அவர் வாய்க்குள் வாசித்தார். பிறகு அவளுடைய விளக்கத்தை மெச்சி, இலவசப் பையில் இரண்டு எடுத்துக்கொண்டு போனார். ஒன்று மனிசிக்காம்.

அந்தக் கிழமை முடியுமுன்னே பஸ்ரியனின் இடத்துக்கு வேறு ஊர் வள்ளங்கள் வந்தன.

"தேடித் திரியேல்ல அக்கா" என்றான் பஸ்ரியன். அவளுடைய வாசற்படியில் குந்தியிருந்து தேத்தண்ணியை ஆறவிட்டான். "கடைக்குச் சாமான் வாங்கப் போறவன் மாதிரி நேர வந்து நங்கூரம் போடுறாங்கள். ஆரோ வாய் விட்டிட்டான்."

"ஆரெண்டு நினைக்கிறாய்?"

"ஆர், சுஜன்தான். அவன்தானே புது ஆள். எனக்குத் தெரியாமத் திரும்பிப் பாத்திருப்பான்."

சுஜன் மலைநாட்டிலிருந்து முருங்கன் பக்கம் வந்து குடியேறிய குடும்பம், இரண்டு பிள்ளைக்காரன். மறுநாள் பஸ்ரியன் அவனை இனி வரவேண்டாமென்று வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டான். றோஸ்மேரிக்கு அதற்குள் விளங்கிவிட்டிருந்தது. வெள்ளைச் சேட்டுக்காரரின் உதடு அசைந்தது கண்ணுக்குள் நின்றது. அவள் தம்பியிடம் சொல்லவில்லை. முதலில் கட்டத்தை மூடுவோம், பிறகு சொல்வோம் என்று கபிலனிடம் போனாள்.

"வெளியிட்டதை நினைச்சவுடன மாத்தேலாது றோஸ்மேரி. நீங்கள்தானே பயிற்சியில அதைப் பெருமையாச் சொல்லுறனீங்கள்?"

"ஒரு கட்டம்தான் சேர்."

"ஒரு கட்டமோ ஒன்பது கட்டமோ, விண்ணப்பம் போடுங்கோ. காரணம் எழுதுங்கோ. நான் அண்டைக்கே ஒப்பம் வைக்கிறன். காரணம் பதிவுக்குக் கீழ எல்லாருக்கும் தெரியிற மாதிரி வரும், அது ஒழுங்கு."

எல்லாருக்கும் தெரிகிற மாதிரி என்றால், நான்தான் திறந்து காட்டினேன் என்று தன் கையாலே எழுத வேண்டும். ஊர் வாசிக்கும். தம்பி வாசிப்பான். இனி எந்த அட்டைக்காரன் காப்பகத்துக்கு வாய் திறப்பான், தன்னை யார் வேலையில் வைத்திருப்பார் என்றெல்லாம் யோசித்தாள். பயிற்சியில் காட்டும் உதாரணத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றினாள். விண்ணப்பம் நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று தள்ளிப்போனது. கட்டம் திறந்தபடியே கிடந்தது. அந்தப் பருவத்திலேயே தகப்பன் கொடுத்த இடம் வழித்துத் துடைத்தது போலாயிற்று. அடுத்த பருவத்தில் பஸ்ரியன் ஆழத்துக்குப் போனான். ஒரு சிலிண்டர் முடிய மேலே வந்து, ஆழத்தில் இரத்தத்தில் ஏறிய காற்று இறங்க நேரம் விடாமல் மற்றதைக் கட்டினான்.

ஆசுபத்திரியில் ஜெயனி மர வாங்கிலில் சரிந்து கிடந்தாள். அவளுடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு றோஸ்மேரி கனநேரம் இருந்தாள். பிறகுதான் கதவோரம் ஈரச் சாரத்தோடு நின்ற ஆளைக் கண்டாள். சுஜன்.

"நீ எப்பிடி இஞ்ச?"

"நான்தாங்க அக்கா வள்ளத்துல இருந்தேன். திடுதிப்புன்னு மேல வந்தாரு. காலு ரெண்டும் இல்லாத மாதிரி இருக்குன்னாரு. கரைக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"உன்னைத் தம்பி நிப்பாட்டினவனெல்லே?"

"நிப்பாட்டினாரு. கார்த்திகையில வீட்டுக்கு வந்து கூப்பிட்டாரு. நீ இல்லடா, தெரிஞ்சு போச்சு, வான்னாரு. எம் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

றோஸ்மேரி கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டாள். "எப்பிடித் தெரிஞ்சதாம்?"

சுஜன் ஜெயனியைப் பார்த்தான். ஜெயனிதான் கண் திறக்காமல் பதில் சொன்னாள்.

"கடலில வைச்சு அந்த வள்ளக்காரங்கள் நக்கல் அடிச்சவங்களாம் மச்சாள். உன்ர அக்கா சினிமாப் படம் மாதிரித் திரையில போட்டுக் காட்டினவ, நாங்கள் ரிக்கற்றும் எடுக்கேல்லையெண்டு."

"என்னட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லையே."

"கேக்காதையெண்டு எனக்கும் சொன்னவர். அவளா வந்து சொல்லட்டும், நாங்கள் கேட்டா அவளுக்கு வேலையில மனம் விட்டுப்போயிடும் எண்டவர்."

அவன் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவளுடைய வீட்டுப் படியில் வந்து இருந்தது அதற்குத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து ஒன்றும் பேசாமல் வெகுநேரம் இருந்துவிட்டு, "சரி அக்கா, வாறன்" என்று எழும்பிப் போனதும் அதற்குத்தான். அவள் ஒவ்வொரு தடவையும் பலகாரம்தான் கொடுத்து அனுப்பினாள்.

மரண விசாரணை முடிந்து பிரேதத்தைக் கொடுக்கப் பின்னேரமாயிற்று. மறுநாள் சேமக்காலைக்குக் கொண்டுபோனபோது சுஜன் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தான். எல்லாரும் மண் போட்டு விலகிய பிறகு, றோஸ்மேரி அவனிடம் போய், இடம் தன்னால்தான் வெளியே போனது, அது போன வருடமே தனக்குத் தெரியும் என்று சொன்னாள். அவன் நம்பாதவன் போலப் பார்த்தான். "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். அவன் குரல் உயரவில்லை. முருங்கன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனான். ஜெயனிக்கும் அன்று பின்னேரமே சொன்னாள். ஜெயனி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு தீத்த எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் றோஸ்மேரியை மச்சாள் என்று கூப்பிட்டதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு றோஸ்மேரி காப்பகக் கந்தோருக்கு வேலைக்குத் திரும்பினாள். மேசை, திரை, கையேடு எல்லாவற்றையும் முஸ்பிரா எடுத்துக்கொண்டாள். இனிப் பயிற்சி செய்ய வரமாட்டேன் என்று றோஸ்மேரி கபிலனிடம் சொல்லிவிட்டாள். அவர் அந்த விண்ணப்பத்தை மட்டும் நினைவுபடுத்தினார்.

அவள் அதைத் திறந்தாள். பதிவின் இலக்கம், தன் பெயர், மாற்ற வேண்டிய கட்டத்தின் பெயர் எல்லாம் நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் 'பதிவாளரின் தவறு' என்று எழுதினாள். அது பொய்யில்லை, ஆனால் யாரையும் காட்டாத சொல். அழித்தாள். தம்பியின் பெயரிலிருந்து தொடங்கினாள். அதையும் அழித்தாள்.

விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை. காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.