தேவராஜின் ஆடாத் தடி

தேவராஜ் எடுத்த கல்யாண வீடியோவைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தலை சுற்றும், அப்புறம் வயிற்றைப் புரட்டும். இட்டுக்கட்டிச் சொல்கிற கதையில்லை இது. போளூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், தாலி கட்டும் கட்டம் வந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து வாசலுக்கு ஓடினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர், "இன்னாப்பா, ஜீப்புல உக்காந்துனு எடுத்தியா?" என்று கேட்டார்.

ஜீப்பும் இல்லை ஒன்றும் இல்லை. அவன் நடந்துதான் எடுத்தான். வம்பே அந்த நடைதான். குதிகால் தரையில் படாது. நுனிக்காலால் எம்பி எம்பிப் போவான். அவன் அப்பா ஜவ்வாது மலையில் புளி வாங்கி அடிவாரத்தில் விற்ற வியாபாரி. மலைப்பாதையில் முன்னால் போகிறவர், திரும்பிப் பார்க்காமலே காலடிச் சத்தத்தை வைத்து வருவது தன் பிள்ளைதான் என்று சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் காலை வாரிவிட, தேவராஜ் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் எட்டு வருஷம் நல்ல பேரோடு இருந்தான்.

கெட்டது கேமராவால்தான். அவன் மனைவி நீலாவதியின் அண்ணன் கிருஷ்ணன் துபாயில் இருந்தான். எண்பத்தாறில் லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ கேமராவைக் கொண்டுவந்து, பிழைத்துக்கொள் என்று தங்கை புருஷன் தோளில் வைத்துவிட்டுப் போனான். தேவராஜுக்கு அன்றைக்குப் பிடித்தது பித்து. மழைக்காலத்தில் ஓடு ஒழுகியபோது வீட்டில் இருந்த ஒரே கம்பளியைக் கேமராவுக்குப் போர்த்திவிட்டு, அவனும் நீலாவதியும் கோணிப்பையில் முடங்கினார்கள்.  காலையில் நீலாவதி காப்பியைக் கேமராவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

மறு வருஷம் வைகாசியில் கிருஷ்ணன் மறுபடி வந்தான். தங்கச்சி புருஷன் எடுத்த கேசட்டுகளை வீடியோ டெக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது கேசட் பாதியில் எலுமிச்சம்பழம் கேட்டான். கோபக்காரன் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். "மாப்ள, மாசக் கடைசியில நான் கெளம்பணும். அதுக்குள்ள ஒரு படம், ஒரே ஒரு படம் ஆடாம எடுத்துக் காட்டு. இல்லன்னா கேமரா என்னோட வந்துரும். வேலூர்ல என் சிநேகிதன் ஒருத்தன் கேட்டுனே இருக்கான்" என்றான்.

அன்று முழுக்க தேவராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்று. அவனுக்குப் பிடித்த தொழிலும் இது ஒன்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வேலூருக்குப் போகப்போகின்றன.

வழி, வேர்க்கடலைப் பொட்டலத்தில் வந்தது. கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் பிரித்தால், ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தின் கிழிந்த பக்கம். படத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு கம்பியை நடுவில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். கம்பியின் உச்சியில் கேமரா. முகத்தில் சிரிப்பு வேறு. ஓடுகிறவன் சிரிக்கிறான் என்றால் படம் ஆடவில்லை என்றுதானே அர்த்தம்? கம்பியின் அடியில் என்ன இருந்தது என்பதைத்தான் கடலைக்காரர் கிழித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். தேவராஜ் இரண்டு நாள் யோசித்து, கனமாக ஏதோ தொங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தான். அடி கனத்தால் தலை சாயாது, தஞ்சாவூர்ப் பொம்மை நிற்கவில்லையா?

வெல்டிங் கடையில் ஒரு இரும்புக் குழாயை அறுத்து, மேலே கேமராவுக்குத் தட்டு, கீழே கொக்கி, நடுவில் ஒரு கைப்பிடி. சைக்கிள் ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கிற கிண்ணத்தையும் இரும்புக் கோலிகளையும் எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்து, குழாய் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்படி செய்தார்கள். கொக்கியில் மளிகைக் கடை ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டினான். 'ஆடாத் தடி' என்று பேரும் வைத்தான். தெருவில் நடந்து பார்த்ததில், படம் பக்கவாட்டில் சாய்வது நின்றது. ஆனால் மேலும் கீழும் எம்புவது நிற்கவில்லை. தடி என்ன செய்யும், பிடித்திருக்கிற ஆள் எம்பினால்? அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா காலத்தில் புளி போட்ட கோவிந்தன், தன் மகள் செல்லியம்மாளைப் பக்கத்து ஊர் ரங்கசாமிக்குக் கொடுக்கிறார். ரங்கசாமி பள்ளிக்கூட வாத்தியார். கீழ்நாட்டுக் கல்யாணம் போல வீடியோ வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெண்ணை அவள் ஊரிலிருந்து மாப்பிள்ளை ஊருக்கு மேளத்தோடு நடத்தியே கூட்டிப்போவார்கள். அந்த ஊர்வலத்தை எடுக்க வேண்டும். இரண்டு மைல், முழுக்க நடை. தேவராஜ் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றான்.

ஜீப் மலையேறி அவனை இறக்கிவிட்டு, அடுத்த வளைவில் மறைந்த பிறகுதான் எடைக்கல் ஜீப்பிலேயே போய்விட்டது தெரிந்தது. ஜீப் இனிச் சாயங்காலம்தான் வரும். கோவிந்தன் வீட்டில் மேளம் தொடங்கிவிட்டது. தேவராஜ் ஊர்க்கோடிக்கு ஓடினான். அங்கே ஒரு பலா மரத்தடியில் மூன்று கற்கள் வரிசையாக நின்றன. நடுவில் இருந்தது அவனுக்காகவே செய்தது போல இருந்தது: உருண்டை, வழவழப்பு, கயிறு கட்ட வாகாக இடுப்பில் ஒரு குறுகல், ஐந்து கிலோவுக்கு ஒரு பிடி கூடவே இருக்கும். பழைய ஆட்டுக்கல்லின் குழவி என்று நினைத்துக்கொண்டான். எடுத்தான், கட்டினான், கிளம்பினான்.

அவனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கீழே சாமி என்றால் மஞ்சள், குங்குமம், பட்டுப் பாவாடை, உண்டியல் எல்லாம் இருக்கும், குருடனுக்கும் தெரியும். அந்த ஊரில் அம்மனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் அலங்காரம். மீதி நாளெல்லாம் அவள் மழையிலும் வெயிலிலும் கல்லாகவே இருப்பாள். ஊரில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும், அப்புறம் எதற்குப் பொட்டு?

ஊர்வலத்துக்கு முன்னால் தேவராஜ் பின்னோக்கி நடந்தான். முதல் நூறு அடி வழக்கம்போல எம்பினான். பிறகு மேளக்காரர்கள் தட்டுத் தடுமாறி நிறுத்தினார்கள். முன்வரிசைப் பெண்கள் பேச்சை விட்டுவிட்டுக் கேமராவின் அடியையே பார்த்தார்கள். பெண்ணின் தாய் மாதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, கயிற்றில் தொங்கிய கல்லை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இன்னாப்பா, அது யாருன்னு தெரியுமா?"

"குழவிக்கல்லு தானம்மா?"

"எங்க மாரியம்மா."

தேவராஜ் பதறிப்போய்க் கல்லைக் கீழே வைக்கப் போனான். மாதம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "எடுத்தது எடுத்துட்ட. பாதி வழியில எறக்கக் கூடாது. அவ இஷ்டம் இல்லாமலா உன் கைக்கு வந்தா? ஆடாம தூக்கினு போ" என்றாள்.

ஊர்க்கவுண்டர் கருப்பனும் வந்து பார்த்தார். அவருக்குக் கோபம்தான், ஆனால் சாமி கிளம்பிவிட்ட பிறகு நிறுத்துவது யார்? மேளக்காரர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். மேளம் மாறியது. அது கல்யாண அடி இல்லை, சாமி புறப்பாட்டு அடி.

அதற்கப்புறம் தேவராஜ் நடந்த நடையை அவனைப் பெற்றவர் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். முட்டி தானாக மடங்கியது. குதிகால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தரையைத் தொட்டது. பின்னால் வைக்கிற ஒவ்வொரு அடியையும் முதலில் காலால் தடவிப் பார்த்து, பிறகு பாரத்தை இறக்கினான். பயம் என்றால் சாதாரண பயம் இல்லை. கல் ஒரு விரற்கடை ஆடினாலும் தன் கண் போய்விடும், நீலாவதிக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று வரிசையாக எண்ணம் ஓடியது. வழியில் இருந்த வீடுகளில் எல்லாம் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் காத்திருந்து அவன் காலில் ஊற்றினார்கள். பாறைப் பாதை வழுக்கியது. வழுக்கினாலும் மேலுடம்பு அசையவில்லை. கை மரத்துப்போனது, வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். யாரோ கல்லுக்கு மாலை போட்டார்கள், யாரோ கேமராவின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை வைத்துப் பார்க்க முடியாத உயரத்தில் அது இருந்ததால் என்ன பதிகிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் நிலையிலும் அவன் இல்லை.

அன்று மாலையே கல்லை மரத்தடியில் பழைய இடத்தில் வைத்து, தேங்காய் உடைத்து, கன்னம் சிவக்கப் போட்டுக்கொண்டு ஜீப்பேறினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போளூர் வீட்டில் நிற்க இடமில்லை. கோவிந்தன், மாதம்மாள், பொண்ணு மாப்பிள்ளை, ஊர்க்கவுண்டர் கருப்பன், இன்னும் பத்துப் பேர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் கேமராவின் அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவனுக்கு மெட்ராஸுக்குப் பஸ்.

கேசட் ஓடியது. முதல் இரண்டு நிமிஷம் வழக்கமான குலுக்கல். கிருஷ்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பிறகு மேளம் நின்றது, மாறியது. படம் தண்ணீரில் போகிற பரிசல் போல நகர ஆரம்பித்தது. கிருஷ்ணன் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒரு அசைவு இல்லை. தேவராஜுக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. மலை ஆட்களிடையே ஒரு முணுமுணுப்பு. கருப்பன் திரும்பி, "அவ எப்ப வருவா?" என்று கேட்டார்.

எவள் என்று தேவராஜ் கேட்கவில்லை. அவர்கள் இத்தனை தூரம் வந்தது மாரியம்மாவின் புறப்பாட்டைப் பார்க்க. அவளோ கேமராவுக்கு அடியில் தொங்கினாள். கேமரா தன் காலடியை எப்படிப் பார்க்கும்? படத்தில் எல்லோரும் கும்பிடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், சூடம் காட்டுகிறார்கள். யாருக்கு என்பது மட்டும் படத்தில் இல்லை. நாக்கு குழற அதைச் சொல்லிமுடித்தான்.  மாப்பிள்ளை வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆடாவிட்டாலும், கேட்டவர்களுக்கு வேண்டியது இல்லாத படம் என்ன படம் என்று கிருஷ்ணன் எழுந்து, மேசைமேல் இருந்த கேமராவை எடுத்துப் பெட்டிக்குள் இறக்கினான். ஆடாமல் எடுத்தும் கேமரா போகப்போகிறது என்று தேவராஜுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மாதம்மாள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதில் அவள் மகள், கல்யாணப் புடவையோடு, மண்பாதையில் முழங்காலிட்டு நிமிர்ந்து நேராகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ எப்டிக் கவுண்டரே தெரிவா?" என்றாள் மாதம்மாள். "அவ பாத்ததுதான இது. வருசா வருசம் நாமதான் அவளப் பாக்குறோம். அவளுக்கு நாம எப்டித் தெரியுறோம்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

 கருப்பன் திரைக்குத் திரும்பினார். திரையில் அவரே வந்தார், முறைப்பாக, தலையை அசைத்தபடி. பார்த்துக்கொண்டிருந்த கருப்பன் மெல்லத் தன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன: பல் போனது, அம்மைத் தழும்பு விழுந்தது, வெட்கப்பட்டது, அழுதது. நடந்தபோது கல்லைத் தவிர வேறெதையும் பார்க்காத தேவராஜ் அத்தனை பேரையும் இப்போதுதான் பார்த்தான். அவனுக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்துப்போனது.

கேசட் முடிந்ததும் மாதம்மாள் மொதல்லேந்து போடச் சொன்னாள். கிருஷ்ணன் இரண்டு கையாலும் கேமராவைப் பெட்டியிலிருந்து தூக்கி, அதன் நெற்றிக் குங்குமம் அழியாமல் மேசைமேல் வைத்துவிட்டு, காலியான பெட்டியை மடக்கிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.