மடங்கிய விரலும் மூன்று மாதக் கட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் குளுவாங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கின. முதலில் உள்ளங்கையில் ஒரு முடிச்சு வந்தது. பிறகு தோலுக்கடியில் கயிறு ஓடினாற்போல ஒரு தடிப்பு. மாரியம்மன் முன்னால் கை கூப்பினால் இரண்டு கையும் சேராது. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

விரல் மடங்கினால் தோட்டத்தில் அதற்கு ஒரே பெயர்தான், பெருநோய் என்கிற குஷ்டம். அது கண்டவர்களை வேலி போட்ட முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். முந்தின வருடம் கடைசி லயத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவரை லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி பின்னாலேயே ஓடினாள். அவளை ஏற்றவில்லை.

என் மனைவியோ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வெறும் நரம்பு இழுப்புங்க. யாராச்சும் கேட்டா கத்தி பட்டுடுச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லி, கிழிந்த வேட்டித் துணியால் கையைச் சுற்றிவிட்டாள்.

தினமும் விடிவதற்கு முன் புதுத் துணி கட்டிவிடுவாள். இரவில் நான் சாப்பிட்ட தட்டிலேயே தானும் சாப்பிடுவாள். அவளே பயப்படவில்லையே என்று நானும் தைரியமாக இருந்தேன். மகா புத்திசாலிகள் நாங்கள்! கத்திக் காயம் பத்து நாளில் ஆறிவிடும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் மாதமும் கட்டோடு திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஆறாத புண் என்றுதான் நினைக்கும். பக்கத்து மர நிரையில் வெட்டுகிறவர்கள் தங்கள் பால் வாளியை என்னிடமிருந்து தள்ளி வைத்தார்கள். கங்காணி டிரெசரிடம் சொல்லிவிட்டார்.

டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். ஒரு காலை, எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் பெரட்டுக்கே வந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் கட்டை அவிழ்த்தார். புண்ணே இல்லை.

"கண்ணை மூடு" என்றார்.

மூடினேன். மடங்கிய விரலின் நுனியில் ஊசியைச் சுருக்கென்று ஏற்றினார். எனக்கு இயல்பாகவே வாய் நீளம். அவருடைய பாட்டன் வரைக்கும் இழுத்து வைதுவிட்டேன். பெரட்டே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"பெருநோயெண்டா ஊசி குத்தினது தெரியாது. உனக்கு நல்லாத்தான் நோகுது. உள்ளங்கைத் தோலுக்குக் கீழை இருக்கிற சவ்வு தடிச்சு விரலை இழுக்குது. ஆருக்கும் ஒட்டாது. பலவந்தமா நிமித்தாதை. வேலை செய்ய ஏலுமெண்டா அப்பிடியே விடு. ஏலாதெண்டா பெரிய ஆஸ்பத்திரியிலை வெட்டி விடுவினம்."

எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாரே, அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும். மறுநாளே வாளிகள் பழைய இடத்துக்கு வந்தன. நானும் விரல்களோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டேன். முகம் கழுவ வலக்கை மட்டும்தான்; இடக்கையை விட்டால் கண்ணைக் குத்திவிடும். வாளியைத் தூக்க அந்த இரண்டு விரலும் நல்ல கொக்கி.

ஒரு மதியம், பிடி நழுவாமலிருக்க என் கத்திப்பிடியில் மனைவி துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சீண்டினேன்.

"ஊரே பயந்துச்சு. நரம்பு இழுப்புதான்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நானும் அந்த நோய்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் என் தட்டுலயே சாப்பிட்டே?"

பாத்திரம் கழுவச் சோம்பல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் நிமிரவில்லை. "எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா, லாரியில என்னையும் ஏத்திக்குவாங்கல்ல."