தாலி எடுத்துக் கொடுத்தவர் எந்தக் கட்சி?

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு போன். ராசிபுரம் பக்கத்து முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் பேசினார். ‘என்ற வாழ்க்கை வரலாறு எழுதித் தரோணுமுங்க. சீட்டு கேக்கறப்ப மேலிடத்துல குடுக்கறதுக்கு.’

எனக்குத்தான் மறுக்கத் தெரியாதே... போனேன்.

இருபது வருட அரசியல். நான்கு கட்சிகள். எழுதுவது சுலபம் - படங்கள்தான் சிக்கல்.

பைபாஸ் வேண்டும் என்று லாரிக்கு முன்னால் படுத்திருந்த படம் ஒன்று. பைபாஸ் வேண்டாம் என்று அதே இடத்தில் படுத்திருந்த படம் இன்னொன்று. அது, மாமனார் தோட்டத்துக்குள் அளவுக்கல் வந்த பிறகு எடுத்தது.

‘எதைப் போடறதுங்க?’ என்றேன்.

‘லாரி எந்தப் படத்துல நல்லா உழுந்திருக்குதோ, அதைப் போடுங்க.’

இப்போதைய தலைவரோடு நிற்கும் படங்கள் பாஸ். பழைய தலைவர்கள், பழைய கொடிகள் எல்லாம் கழிந்தன. கடைசியில் வந்தது அவருடைய கல்யாணப் படம். அதையும் ஓரமாகத் தள்ளினார்.

‘இது ஏனுங்க வேண்டாம்?’

‘தாலி எடுத்துக் குடுத்தவரு இன்னைக்கு எதிரணிங்க. மேலிடம் பார்த்தா சீட்டு போச்சு.’

காபி கொண்டுவந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

‘அப்ப அந்தக் கல்யாணம் செல்லாதுங்களா?’

சட்டசபையில் எத்தனை குறுக்குக் கேள்விகளைச் சமாளித்தவர்! படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

‘நாலு கட்சிக்கும் கரை வேட்டி மாத்தி மாத்தி எடுத்து வெச்சது நானுங்க. இந்தப் படம் இல்லாத புஸ்தகம் இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது.’ சொல்லும்போதே அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. காபி ஆறியது. கட்சி மாறும்போதுகூட மனிதர் இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார். பிறகு, படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

‘அட்டையிலயே போட்டருங்க.’

அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

போட்டோம். மேலிடம் பார்த்தது. சீட்டு போயிற்று.

ஆறுதல் சொல்லலாம் என்று போன புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனால்... வாசலில் வரிசையாகக் கார்கள், பட்டாசுக் குப்பை! தாலி எடுத்துக் கொடுத்த அந்தப் பழைய தலைவர், அட்டையைப் பார்த்து நெகிழ்ந்துபோய், தம் கட்சிக்கே அழைத்துக்கொண்டாராம். சீட்டும் உண்டாம்.

சால்வைகளுக்கு நடுவிலிருந்து வந்து என்னைத் தனியே இழுத்துப் போனார்.

‘ஏனுங்க, ரெண்டாம் பதிப்புன்னா உள்ள இருக்கற படத்தையெல்லாம் மாத்திக்கலாமுங்களா?’

மனைவி சொல் கேட்டுக் கெட்டவர் யாருமில்லை - கட்சிகள்தான் பாவம்!