வரதராஜின் புது மூக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் வரதராஜ் இருபது வருஷமாகக் கல்யாணப் பந்திகளில் சாம்பார் வாளியோடு நடந்தவர். வாளி தூக்க முகலட்சணமும் வேண்டும் என்பது, மூக்கில் நோய் வரும்வரை அவருக்குத் தெரியாது.

முதலில் அது சின்னப் பரு. ஊரில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? மஞ்சள் பூசச் சொன்னார்கள், சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள். ஒன்றரை வருஷம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் தோல் புற்றுநோய் என்று சொல்லி மூக்கின் இடது பக்கத்தை வெட்டி எடுத்தபோது, அதே வைத்தியர்கள், "அப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்லா" என்றார்கள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்களுக்கு மட்டும் அது பத்திரமாகவே இருக்கிறது.

சமையல் மாஸ்டர் நம்பி ரொம்ப நல்லவர். "ஒன்னய வேலைய விட்டு நிப்பாட்டுவேனாலே? பின்னால இருந்து காய் வெட்டு. பந்திக்கு மட்டும் வராத, சாப்பிடுதவிய சங்கடப்படுவாவ." இருபது வருஷ உழைப்புக்கு அவர் போட்ட நாமம் அது. வரதராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதார். வெங்காயம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

பிறகு மதுரை டாக்டர் நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்கில் வைத்துத் தைத்தார். ரத்த ஓட்டத்துக்காக, புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தோல்பாலம் மூன்று வாரம் தொங்கியது. "தும்பிக்கையாழ்வார் மாதிரில்லா இருக்கீய" என்று சிரித்த மனைவி வஞ்சுளவல்லி, அடுப்படிக்குள் போய் அழுதாள். பாலத்தை வெட்டியதும் மூக்கு மூக்காக நின்றது. நெற்றியில் மட்டும், நடுவிலிருந்து அரை விரல் தள்ளி, நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு.

"இது தெரியத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

"தெரியாது சார். அங்க நாமம் வரும்."

அன்றிலிருந்து வரதராஜின் நாமம் தழும்பை மறைக்க அரை விரல் இடம் மாறியது.

ஆறு மாதம் கழித்து ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். "ஒரு பந்தி பாப்போம். யாராச்சும் மூஞ்சியச் சுளிச்சா, பழையபடி காய் வெட்டப் போயிரணும்" என்று வாளியைக் கொடுத்தார் நம்பி.

மூன்றாவது இலையில் ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். "செத்த நில்லும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரதராஜின் முகத்தையே பார்த்தார். வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"என்னவே, நாமம் கோணலா இருக்கு? கண்ணாடி பாத்துப் போடக் கூடாதா?"

கோணல்தான் என்று பக்கத்து இலைக்காரரும் ஒத்துக்கொண்டார். எல்லாரும் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

வரதராஜ் பெரியவருக்கு மூன்று கரண்டி சாம்பார் ஊற்றினார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இந்தத் தடவை கையில் வெங்காயம் இல்லை.