கோட்டு நின்ற இடம்

எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பள்ளிக்கூடத்துப் படிப்பு மட்டும். அதற்குப் பிறகு பேனாவை எடுத்ததெல்லாம், படத்தின் முதுகில் அது யாருடையது என்று குறித்து வைக்கத்தான். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது சுலபமாக இருப்பதால்தான் நான் இந்தத் தொழிலிலேயே இருந்துவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன் தன் அனுபவத்தை மற்றவர்கள் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் யார் பெயரும் கிடையாது. வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெண்ணே போன மாதம் வந்து, "அண்ணங்கிட்ட நானே சொல்லிட்டேன். இனிமே நீங்க யார்கிட்ட சொன்னா என்னா" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என் ஸ்டூடியோ புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கொஞ்சம் மேற்கே ஒரு மாடியில் இருந்தது. வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மின்சார விளக்கை நம்பிப் படம் எடுக்கும் காலம் இன்னும் எனக்கு வரவில்லை. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை கிடைக்கும் வெளிச்சத்தில் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்து, படம் பதிந்த கண்ணாடி பிளேட்டில் டச்சிங் செய்வேன். அம்மைத் தழும்பை எடுப்பது, மாறுகண்ணை நேராக்குவது, கறுப்பை மாநிறமாக்குவது. நாற்பது வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது. மருந்துத் தண்ணீரில் நனைந்து நனைந்து விரல்களெல்லாம் பழுப்பு. "நிமிர்ந்து உட்காருங்க, அசையாதீங்க, மூச்ச அடக்காதீங்க" என்ற மூன்று வாக்கியங்களைத் தவிர அந்த நாட்களில் நான் வேறு எதையும் பேசினேனா என்பது சந்தேகம். அழகான படம் எடுக்க வேண்டும் என்று வந்தவன் நான். இரண்டு வருஷத்தில் அந்த ஆசை போய், கலங்காத படம் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

எனக்கு இருந்த ஒரே நண்பன் முத்தியால்பேட்டைக்காரன். பஞ்சாலையில் தறிகளைப் பழுது பார்ப்பவன். ஒருமுறை என் காமிராவின் மூடி சிக்கிக்கொண்டபோது யாரோ அவனை அழைத்து வந்தார்கள். பத்தே நிமிஷத்தில் ஒரு கொண்டை ஊசியை வளைத்துச் சரி செய்தான். அதிலிருந்து ஞாயிறு தவறாமல், மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மாடி ஏறிவிடுவான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்கார வாடிக்கைக்காரர்கள் என்னை முசே என்று மரியாதையாகக் கூப்பிடுவதைக் கேட்டு, அவனும் கிண்டலுக்கு அப்படியே கூப்பிடுவான்.

"என்னா முசே, இந்த வாரம் எத்தினி மூக்க நேர் பண்ண?"

"மூணு."

"எனக்கும் ஒண்ணு பண்ணி வுடேன்."

"உன் மூக்கு ஒரு பிளேட்டுல அடங்காது."

"அடங்கலன்னா ரெண்டு பிளேட்டுல எடு. ஆலையில நூலு அறுந்தா நாங்க முடிச்சுப் போடல? நீயும் ஒட்டு."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாரம் முழுவதும் முகங்களைப் பார்த்து அலுத்துப் போன எனக்கு, எதிரில் கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு முகம் போதுமாக இருந்தது.

அவனுக்கு ஒரே தங்கை. பெற்றோர் இல்லாததால் அவனே கல்யாணம் செய்து வைத்தான். மாப்பிள்ளைக்குச் சைகோனில் சர்க்கார் ஆபீசில் எழுத்து வேலை. பெண் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் கப்பல் ஏறியவர், நாலு வருஷம் ஆகியும் திரும்பவில்லை. தங்கையும் குழந்தையும் அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். மாதம் ஒன்று வந்த கடிதம் ஆறு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது.

அந்த நாட்களில் சைகோனுக்கு ஆளை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் குடும்பங்கள் என்னிடம் ஒருவகைப் படம் கேட்பதுண்டு. மனைவி மக்களை இங்கே நிற்க வைத்து, புருஷனுக்கு நடுவில் இடம் விட்டு எடுக்க வேண்டும். அவர் அங்கே தனியாக எடுத்துக்கொண்ட படம் வந்ததும், அதை அளவுக்கு மாற்றிக் கத்தரித்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கி, அந்த இடத்தில் ஒட்டி, தூரிகையால் மறைத்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக நின்றது போல இருக்கும். எவ்வளவு இடம் விடுவது என்று தெரிவதற்காக நான் ஒரு கறுப்புக் கோட்டைக் கட்டையில் மாட்டி அங்கே நிறுத்துவேன். எல்லோரும் சரியாக நின்றதும் கோட்டை எடுத்துவிட்டுப் படம் பிடிப்பேன். கோட்டை எடுத்தவுடன் பெண்கள் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். அதில் ஒரு பிளேட் வீணாகும்.

ஆவணி மாதத்தில் என் நண்பன் தங்கையையும் குழந்தையையும் அழைத்து வந்தான். "அந்த ஆளு ஒரு போட்டா அனுப்பட்டும். ஒண்ணா ஒட்டி இவ கையில குடு. அப்பன் மூஞ்சியாவது கொழந்த பாக்கட்டும்" என்றான்.

கோட்டை நிறுத்தினேன். குழந்தை, "இது யாரு?" என்று கேட்டது.

"அப்பா நிக்கிற எடம்" என்றாள் தாய்.

குழந்தை உடனே கோட்டின் காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. தாய் அதைத் தடுக்கவில்லை. நேராகக் காமிராவைப் பார்த்து நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, கோட்டை எடுக்காமலே ஒரு பிளேட் எடுத்துவிட்டேன். யாரும் கேட்காமல் எனக்காக எடுத்த படம் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். பிறகு கோட்டை நகர்த்தி, முறைப்படி இன்னொன்று எடுத்தேன். அவள் வெற்றிடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிளேட் வீணாகவில்லை.

படம் எடுத்து மூன்று மாதம் ஆகியும் சைகோனிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை உடைவது குறைந்து, பேச்சு சூடானது.

"மார்கழி கப்பல்ல நானே போறேன் முசே. சட்டையப் புடிச்சு இழுத்தாரேன். கப்பல் ஆபீசுல பேரு குடுத்துட்டேன்."

"உன் வேலை?"

"வேலையாவது மயிராவது."

"உன் சம்சாரத்துக்கு ஏழாம் மாசம்னு சொன்ன."

"தங்கச்சி தெருவுல நின்னா நான் எப்புடிய்யா வூட்டுல சோறு திங்கிறது?"

ஆலையில் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் காலம் அது. கோபம் வந்தால் அவன் கை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். ஒருமுறை ஆலை வாசலில் ஒருவனை அடித்துவிட்டு, போலீசுக்குப் பயந்து இரண்டு நாள் என் ஸ்டூடியோத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தான். சைகோனில் ஒளிந்துகொள்ள அவனுக்கு என் திரை கிடைக்காது.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவன் ஆலையில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு மத்தியானம் தங்கை தனியாக வந்தாள். உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவரு போட்டாண்ணே. சைகோன்லேருந்து ஊருக்கு வந்தவங்ககிட்ட குடுத்து அனுப்பியிருக்காரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒட்டித் தரணும்."

வெள்ளைக் கோட்டு போட்டு நின்றார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். படத்தின் இடது ஓரம் மேலிருந்து கீழாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. அவர் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. மெல்லிய விரல்கள். ஒன்றில் மோதிரம்.

அந்த ஆளே பக்கத்தில் இருந்தவளை வெட்டிவிட்டு, விரல்களைக் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். இந்தப் பெண்ணும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். உள்ளங்கையால் தோளை மூடிக்கொண்டு, "ஆகட்டும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. விரல்களை அப்படியே விட்டு ஒட்டினால், குடும்பப் படத்தில் யாரோ ஒருத்தியின் கை இருக்கும். அதைப் பார்த்தால் நண்பன் கப்பல் ஏறுவது நிச்சயம். எடுத்துவிட்டால் அந்த ஆளின் புரட்டுக்கு நானும் கூட்டு. அந்தப் பெண் காலமெல்லாம் ஒரு பொய்யைச் சுவரில் மாட்டி வைத்திருப்பாள். சொல்லிவிடலாம் என்றால் எப்படிச் சொல்வது? வாடிக்கைக்காரரிடம் "தலைய கொஞ்சம் சாய்ங்க" என்று சொல்லவே எனக்குக் கூச்சம்.

விரல்களை எடுத்தேன். வெள்ளைத் துணியில் வெளுத்த விரல்கள், அதனால் விரல்கள் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது அந்த விரல்கள் அழுத்தியதால் துணியில் விழுந்திருந்த பள்ளங்கள். சும்மா படத்துக்காக வைத்த கை அப்படி அழுத்தாது. ஒவ்வொரு பள்ளத்தையும் தூரிகை நுனியால் நிரப்பி நிரப்பி, மூன்று பிற்பகல் போயிற்று. நிரப்பியபின் தோள் பலகை மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் செய்ய என் கண்ணுக்குத் தெம்பு இல்லை. ஒட்டி, மறுபடி எடுத்து, பிரதி போட்டேன். ஆனாலும் அவளிடம் சொல்லியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் காகிதத்தில்கூட எழுதிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். படத்தை நீட்டினேன். எந்தப் பெண்ணும் இப்படிப்பட்ட படத்தில் முதலில் புருஷன் முகத்தைப் பார்ப்பாள். இல்லையென்றால் குழந்தையை. அவள் முதலில் பார்த்தது தோளை. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, தோளை மட்டும் பார்த்தாள்.

"நல்லா எடுத்துட்டீங்கண்ணே" என்றாள்.

நான் எழுதி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"நாந்தானே கத்தரிச்சேன். அவரு குடுத்து அனுப்பல. அங்கேருந்து வந்த ஒரு அம்மா, எனக்குத் தெரியட்டும்னு கோயில்ல வெச்சு கையில திணிச்சுட்டுப் போனாங்க. பக்கத்துல அவ நிக்கிறா. அவ இடுப்புல ஒரு கொழந்த. வெரலுக்கு மேல கத்தரிக்கோலு போவல. போனா அவரு கழுத்து போயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டிய ஓரம் பளிச்சென்று புதிதாக இருந்தது. சைகோனில் வெட்டியிருந்தால், கப்பல் ஈரத்தில் அந்த ஓரம் பழுத்துத்தான் வந்திருக்கும். இத்தனை வருஷம் தாளைக் கையாண்டவன், விரல்களைப் பார்த்ததில் ஓரத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

"அண்ணன் அங்க போனா சும்மா திரும்பாது. குத்தும், இல்லாட்டி குத்து வாங்கும். அண்ணி வயித்துல ஒண்ணு, கையில ரெண்டு. எனக்கு அந்தாளு வேணாம்ணே. அண்ணன் வேணும். இதப் பாத்தா, அந்தாளே அனுப்பினதுன்னு நெனச்சு அது நின்னுடும். நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

"உனக்கு?" என்றேன்.

"எனக்கென்னா. தையல் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படத்தை உறையில் போட்டாள். படி இறங்கும்போது திரும்பி, "அந்தக் கோட்டு வெச்சு ஒண்ணு எடுத்தீங்களே, அது வந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"பத்தரமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நண்பன் வந்தான். கையில் கடலை இல்லை, படம் இருந்தது. மறுநாள் கப்பல். தகரப் பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான். நேராக ஜன்னலோரம் போய் நின்று, தறியின் அச்சு நேராக இருக்கிறதா என்று பார்ப்பவன் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தான்.

"ஒட்டு தெரியல. கெட்டிக்காரன்தான் நீ" என்றான். பிறகு, "இந்தத் தோளு மட்டும் ஏன் தட்டையா இருக்கு?"

"வெள்ளைத் துணி. வெயில் பட்டா மடிப்பு விழாது" என்றேன்.

அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. என் தொழிலைப் பற்றி நான் எது சொன்னாலும் நம்புகிறவன். கொண்டை ஊசியால் என் காமிராவைச் சரி செய்துவிட்டுக் காசு வாங்க மறுத்தவன்.

"நீ சொன்னா சரி. எனக்குத் தறியத் தவிர என்னா தெரியும்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். "போட்டா எடுத்து அனுப்பறவனுக்கு ரெண்டு வரி எழுத ஒடம்பு வணங்கல. சோம்பேறிப் பய. சைகோன்ல தின்னு தின்னு தடிச்சுட்டான்." சிரித்தான். "போவல முசே. பேர எடுக்கச் சொல்லிடறேன். அவளே போவ வேணாங்கிறா."

"நல்லது" என்றேன்.

"நீ ஏன் ஒரு மாதிரியா இருக்க? ஒடம்பு சரியில்லையா?"

"கண்ணு வலி."

"கொஞ்ச நாளைக்கு மூக்கெல்லாம் கோணலாவே இருக்கட்டும், வுடு" என்று என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனான். அவன் தட்டிய இடம் வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அவன் எல்லா ஞாயிறும் வந்தான். வேர்க்கடலை வந்தது, கிண்டல் வந்தது. நான்தான் முன்பு போலச் சிரிக்க முடியாமல் இருந்தேன். கோட்டு நிற்கும் அந்த பிளேட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் உரியத் தொடங்கிவிட்டது. குழந்தையின் கையும் அது பிடித்திருக்கும் கோட்டின் கையும் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

அவன் படத்தோடு வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை. காலைச் சங்குக்கு அவன் ஆலைக்குப் போனான். கப்பல் பத்து மணிக்கு மேல் புறப்பட்டது. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கல்யாண ஜோடி வந்தது, படம் எடுத்தேன்.