ஜட்கா குதிரையின் நாடி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் திருத்தணியில் மாட்டு டாக்டராக இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டும் ஒருவர், ஒருநாள் காலை தம் பெட்டைக் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். வயிற்றின் அடியில் குடல் இறங்கிப் பானைபோலத் தொங்கியது. அறுத்து, உள்ளே தள்ளித் தைக்காவிட்டால் பிழைக்காது என்றேன். அவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. எங்களிடம் தமிழில் பேசுவார், குதிரையிடம் மட்டும் தெலுங்கில்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வைக்கோல் பரப்பி அதைச் சாய்த்தோம். அட்டெண்டர் குளோரோபாரம் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்துக் கட்டினான். மயக்கத்தில் ரத்த அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க நான் படித்த காலேஜில் பாதரசக் குழாய் இருந்தது. இங்கே விரல்தான். என் இரண்டு கைகளும் வயிற்றுக்குள் இருக்கப்போகின்றன. அதனால் தாடையெலும்பின் அடியில் ஓடும் நாடியில் ஜட்காக்காரரின் விரலை வைத்து, "மெலிஞ்சா உடனே சொல்லணும்" என்றேன்.

"ஆங், நல்லா துள்ளுதுங்க."

குடலைப் பாதி தள்ளியிருப்பேன். "ஐயா, நூலாட்டம் ஆயிகினு வருதுங்க" என்றார். பஞ்சை எடுக்கச் சொல்லிக் இதயத்தைத் தூண்டும் கற்பூர ஊசி போட்டேன். சற்றுப் பொறுத்து, "வந்துட்சிங்க" என்று சிரித்தார். மிச்சத்தையும் தள்ளிவிட்டுத் தைக்கத் தொடங்கினேன்.

"இப்போ?"

"அடிச்சிகினுதான் இருக்குதுங்க."

அட்டெண்டர் குதிரையின் உதட்டைத் தூக்கிக் காட்டினான். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. விலாவில் காதை வைத்தேன். அங்கும் இல்லை. அழுத்திய விரல் நுனியில் தம்முடைய நாடியைத்தான் அவர் உணர்ந்துகொண்டிருந்தார்.

இன்னொரு ஊசி போட்டோம், விலாவை அமுக்கிப் பார்த்தோம்.

"போயிடுச்சுப்பா" என்றேன்.

"இல்லீங்க. இதோ அடிக்குதே."

அவர் கையை நான்தான் மெதுவாக எடுத்துவிட்டேன். குதிரையின் காதருகே குனிந்து, "லேம்மா, லே" என்று எழுப்பினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வயித்தத் தொறந்தாப்புல அனுப்பாதீங்க. தச்சிடுங்க."

உயிருள்ள உடம்புக்குப் போடுவதுபோலவே நெருக்கமாகத் தைத்து முடித்தேன். அதுவரை அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

வேறு குதிரை வாங்கவில்லை. அரக்கோணத்தில் ரயிலுக்குக் கரி அள்ளப் போய்விட்டார். பிறகு ஒருமுறை அங்கே பிளாட்பாரத்தில் பார்த்தேன். "நல்லாருக்கீங்களா ஐயா?" என்றார். ரயில் வந்ததும் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார்.